பாயிண்ட் முடிந்தது, ஷட்டில் யார் கையில்?

புதிதாக ஷட்டில் (பேட்மிண்டன்) கோர்ட்டுக்கு வருபவருக்கு சர்வீஸ் சொல்லித்தர ஆள் உண்டு, ஸ்மாஷ் சொல்லித்தர ஆள் உண்டு. பாயிண்ட் முடிந்து காக் (ஷட்டிலைத்தான் இப்படிச் சொல்கிறோம்) தரையில் கிடக்கிறதே, அதை யார் எடுப்பது, எப்படிக் கொடுப்பது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குள் நாலு பேர் முகம் சுளித்திருப்பார்கள். "அந்தத் தம்பி நல்லாத்தான் ஆடுறான், ஆனா அவன்கூட ஆடவே எரிச்சலா இருக்கு" என்று பழைய ஆட்டக்காரர்கள் சொன்னால், பாதி நேரம் அது ஆட்டத்தைப் பற்றிய புகார் அல்ல. காக்கைத் திருப்பித் தருகிற விதத்தைப் பற்றியது.

இதற்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: அடுத்து சர்வீஸ் போடப்போகிறவர் குனியாமல், நகராமல், அவர் கைக்கு ஷட்டில் போய்ச் சேர வேண்டும். கீழே வரும் மற்ற எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

யார் எடுப்பது?

உங்கள் பக்கம் விழுந்தால் நீங்கள். அவர்கள் பக்கம் விழுந்தால் அவர்கள். யார் அடித்தது, யார் தவறு என்ற கணக்கு இதில் கிடையாது. எதிராளி அடித்த ஸ்மாஷ் உங்கள் காலடியில் விழுந்து நீங்கள் பாயிண்டை இழந்திருந்தாலும், கடுப்போடு நின்றுகொண்டு அவர் வந்து எடுக்கட்டும் என்று பார்க்கக் கூடாது.

கொஞ்சம் யோசித்தால் இதில் ஓர் ஒழுங்கு தெரியும். சர்வீஸில் தொடங்கி காக் கீழே விழும் வரை நடக்கும் ஆட்டம்தான் ஒரு ரேலி. இப்போதைய முறையில் ரேலியை வென்றவருக்கே பாயிண்ட், அவருக்கே அடுத்த சர்வீஸ். ஷட்டில் உங்கள் கோர்ட்டுக்குள் விழுந்தால் ரேலி எதிராளிக்கு. ஆகவே எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டியது நீங்கள். நீங்கள் அடித்தது நெட்டில் பட்டு உங்கள் பக்கமே விழுந்தாலும் அதே கதைதான். எதிராளி அடித்தது கோட்டுக்கு வெளியே உங்கள் பக்கம் போய் விழுந்தால் மட்டும் பாயிண்டும் உங்களுடையது, காக்கும் உங்களிடமே இருக்கிறது. எடுத்துக்கொண்டு சர்வீஸ் போட வேண்டியதுதான். அதாவது, பெரும்பாலும் ரேலியைத் தோற்றவர்தான் ஷட்டிலை அனுப்புகிறார். புதியவர்கள் சிலர் பழக்கதோஷத்தில் எடுத்த காக்கை எல்லாம் அந்தப் பக்கம் தட்டிவிடுவார்கள். அது உங்கள் சர்வீஸாக இருந்தால், அவர் பிடித்து உங்களுக்கே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். எடுத்தவுடன் ஸ்கோரை நினைத்துப் பாருங்கள். பிறகு கையை அசையுங்கள்.

காக் நெட்டுக்கு நேர் கீழே, நடுவில் கிடந்தால் பக்கத்தில் நிற்பவர் எடுக்கலாம். நெட்டிலேயே சிக்கிக்கொண்டால் அடித்தவர் போய் எடுப்பது வழக்கம். எடுக்கும்போது இறகைப் பிடித்து இழுக்காதீர்கள். கார்க்கை, அதாவது காக்கின் உருண்டையான அடிப்பகுதியைப் பிடித்து, வந்த வழியே பின்னால் தள்ளி எடுங்கள். ராக்கெட் நுனியால் நெட்டைக் குத்துவதும் வேண்டாம். இறகும் ஒடியும், வலையும் கிழியும்.

டபுள்ஸில் ஒரு நுணுக்கம் உண்டு. எதிர்ப்பக்கம் இரண்டு பேர் நிற்கிறார்கள், யாருக்கு அனுப்புவது? சர்வீஸ் போடப்போகிறவருக்கு. அவர் யார் என்பதை ஸ்கோர் சொல்லும். அவர்கள்தான் சர்வீஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள், இந்த ரேலியையும் ஜெயித்தார்கள் என்றால் அதே ஆள் பக்கம் மாறி மறுபடி போடுவார். சர்வீஸ் உங்களிடமிருந்து அவர்களுக்குப் போனால், அவர்கள் ஸ்கோர் இரட்டைப்படையாக இருக்கும்போது வலது கட்டத்து ஆளும், ஒற்றைப்படையாக இருக்கும்போது இடது கட்டத்து ஆளும் போடுவார். உதாரணமாக அவர்கள் ஸ்கோர் 7-இலிருந்து 8 ஆகிறது. வலது கட்டத்துக்காரர் போடுவார். அவருக்கு வலது என்றால், நெட்டைப் பார்த்து நிற்கும் உங்களுக்கு இடது. ரேலி முடியும்போது இருவரும் எங்கெங்கோ சிதறி நிற்பார்கள், அதனால் நிற்கும் இடத்தை நம்பாதீர்கள். குழப்பமாக இருந்தால் "சர்வீஸ் யாருண்ணா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. பாதி நேரம் அவர்களுக்கே தெரியாது. அப்போதுதான் ஸ்கோரும் சரிபார்க்கப்படும்.

தரையிலிருந்து எடுப்பது

குனிந்து கையால் எடுப்பதே போதும். ராக்கெட்டால் சுண்டி எடுப்பது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கற்றுக்கொள்ளும் நாட்களில் அதை ஆட்டத்துக்கு நடுவே முயன்று, நாலு தடவை தவறவிட்டு, காக்கை கோர்ட் முழுக்க உருட்டிக்கொண்டு போவதைவிட எரிச்சல் தருவது வேறு எதுவும் இல்லை. மூன்று பேர் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருப்பார்கள். முதல் முயற்சியில் வரவில்லையென்றால் கையால் எடுத்துவிடுங்கள்.

சுண்டி எடுக்கும் முறை இது. ஷட்டில் தரையில் பக்கவாட்டில் சாய்ந்துதான் கிடக்கும்: ஒரு முனையில் கார்க், மறுமுனையில் இறகு வட்டத்தின் விளிம்பு. இரண்டுக்கும் நடுவே, இறகுத் தண்டுகள் இருக்கும் இடத்தில், தரைக்கும் காக்குக்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். ராக்கெட்டின் ஃபிரேம் நுழைய வேண்டிய வாசல் அதுதான். வலது கைக்காரர் காக்கின் வலப்பக்கம் நின்று, உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடித்து, ராக்கெட்டை ஏறக்குறையத் தரையோடு தரையாகப் படுக்கவைக்க வேண்டும். பிறகு வலமிருந்து இடமாக விருட்டென்று ஒரே இழுப்பு. ஃபிரேம் இடைவெளிக்குள் போனதும் மணிக்கட்டை லேசாகத் திருப்பி மேலே தூக்க வேண்டும். காக் நரம்புப் பின்னலில் உட்கார்ந்துவிடும். மெதுவாகச் செய்தால் காக் உருண்டு ஓடுமே தவிர ஏறாது. முக்கால்வாசிப் பேர் தவறவிடுவது இந்த வேகத்தில்தான். ராக்கெட்டை அதிகம் சாய்த்துப் பிடிப்பது இரண்டாவது தவறு. ஃபிரேம் இறகை மோதித் தள்ளிவிடும்.

மரத்தரையிலும் சிந்தெடிக் மேட்டிலும் இதைச் செய்யலாம். சிமென்ட் தரை என்றால் வேண்டாம். ஃபிரேமின் பெயின்ட் உரிந்து, தொடர்ந்து உரசினால் கார்பனே தேயும். அங்கேயும் சுண்டித்தான் எடுப்பேன் என்பவர்கள் ராக்கெட் தலையில் டேப் ஒட்டிக்கொள்கிறார்கள்.

காலால் தள்ளுவது மட்டும் கூடவே கூடாது. ஷட்டிலை உதைத்து நெட் பக்கம் தள்ளிவிட்டு "எடுத்துக்கோங்க" என்பது எந்த ஊர் கோர்ட்டிலும் மரியாதை இல்லை. நம் ஊரில் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுகிற வழக்கம் வேறு. மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும், காசும் போகிறது. ஒரு இறகுக் காக்கில் 16 இறகுகள், எல்லாம் சேர்ந்து எடை 4.74 கிராமிலிருந்து 5.50 கிராமுக்குள். அவ்வளவு லேசான சாமான் ஷூ அடியில் என்ன ஆகும்? ஒரே ஒரு தண்டு முறிந்தாலும் பறக்கும்போது தள்ளாட ஆரம்பித்துவிடும்.

கொடுப்பது

விஷயமே இங்கேதான் இருக்கிறது. சரியாகச் செய்தால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். தவறினால் எல்லாரும் கவனிப்பார்கள்.

1. முதலில் எதிராளி உங்களைப் பார்க்கிறாரா என்று பாருங்கள். வியர்வை துடைத்துக்கொண்டோ, ஷூ லேஸ் கட்டிக்கொண்டோ, பார்ட்னரிடம் பேசிக்கொண்டோ இருந்தால் காத்திருங்கள். தேவையானால் "அண்ணா, காக்!" என்று குரல் கொடுங்கள்.

2. காக் எங்கோ பின்கோட்டருகே கிடந்தால் எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று எட்டு முன்னால் வாருங்கள். பின்கோட்டிலிருந்து நெட் 6.70 மீட்டர். அங்கிருந்தே தட்டினால் வேகமும் கூடும், குறியும் தவறும்.

3. இடது கையில் காக்கை இறகு நுனியில் பிடித்து, கார்க் கீழே பார்க்கும்படி இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள். ராக்கெட் முகம் வானத்தைப் பார்க்க, கீழிருந்து மேலாக மெதுவாகத் தட்டுங்கள். சர்வீஸ் போடும் வேகத்தில் பாதிகூட வேண்டாம்.

4. நெட்டின் நடு உயரம் 1.524 மீட்டர். அதற்கு மேல் அரை மீட்டர் உயரத்தில் தாண்டி, அவர் மார்பு உயரத்தில் இறங்க வேண்டும். ராக்கெட் பிடிக்காத கைப் பக்கமாக, ஒரு கை எட்டும் தூரத்தில் இறக்கினால் அப்படியே பிடித்துக்கொள்வார். எதிராளி இடது கைக்காரரா என்பது முதல் இரண்டு பாயிண்டிலேயே தெரிந்துவிடும். அவருக்குப் பக்கம் மாற்றுங்கள்.

ஏன் உயரமாக அனுப்பச் சொல்கிறோம் என்றால், ஷட்டில் பந்து மாதிரி அல்ல. இறகு காற்றைப் பிடிப்பதால் சீக்கிரம் வேகம் இழந்து, கடைசியில் ஏறக்குறைய நேர் கீழே இறங்கும். உயரத் தட்டிய காக் அவர் கைக்கு வரும்போது பூ மாதிரி வரும். தட்டையாக, நெட்டை உரசிக்கொண்டு அனுப்பியது வேகம் குறைவதற்குள் முகத்துக்கு வந்துவிடும். கார்க்கின் விட்டம் 25 முதல் 28 மில்லிமீட்டர், கண்குழிக்குள் பொருந்திவிடுகிற அளவு. ரேலி முடிந்த பிறகு யாரும் தற்காப்போடு நிற்பதில்லை. கடுப்பில் ஓங்கி அடித்துத் திருப்பி அனுப்புவதை அதனால்தான் மூத்த ஆட்டக்காரர்கள் கொஞ்சமும் பொறுப்பதில்லை. தவறிப்போய் வேகமாகப் போய்விட்டால் உடனே கையைத் தூக்கி "சாரி" சொல்லிவிடுங்கள்.

நெட்டுக்கு அடியில் தள்ளிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. போஸ்ட் அருகே நெட்டின் உயரம் 1.55 மீட்டர், வலையின் அகலம் 76 சென்டிமீட்டர்; கீழே முக்கால் மீட்டருக்கு மேல் திறந்து கிடக்கிறது. அதைப் பார்த்தால் தள்ளத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அடியில் போன காக் தரையில்தான் போய் நிற்கும். எதிராளி நெட் வரை நடந்து வந்து, குனிந்து எடுத்து, திரும்ப நடந்து போக வேண்டும். ஒரு கேமில் இருபது தடவை குனிய வைத்துப் பாருங்கள், ஐம்பது வயதுக்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மேல் வழியாகவே அனுப்புங்கள். இருவரும் நெட் அருகே நின்றால் இன்னும் சுலபம்: காக்கை ராக்கெட் முகத்தில் வைத்து நெட்டுக்கு மேலே நீட்டினால் அவர் எடுத்துக்கொள்வார். ரேலி நடக்கும்போது ராக்கெட் இப்படித் தாண்டினால் ஃபால்ட் (விதிமீறல்). முடிந்த பிறகு தாராளமாக நீட்டலாம்.

ராக்கெட்டில் இன்னும் கை பழகவில்லையா? கையால் வீசுங்கள். காக்கை எப்படி வீசினாலும் அது தானாகத் திரும்பி கார்க்கை முன்னால் வைத்துத்தான் பறக்கும். கையால் அதிக தூரம் போகாது, ஆகவே நெட் வரை நடந்து வந்து வீசுங்கள். பாதி வழியில் விழுந்து, நீங்களே ஓடிப்போய் எடுத்து மறுபடி வீசுவதைவிட அந்த நாலு எட்டு நடை மேல்.

இந்தப் பக்கம் வாங்குபவருக்கும் வேலை உண்டு. காக் வருவது தெரிந்தால் கையை நீட்டிக் காட்டுங்கள், பிடித்ததும் ஒரு தலையசைப்பு. குறி தவறி இரண்டடி தள்ளி விழுந்தால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நெட்டைச் சுற்றி வந்து எடுத்துத் தர வேண்டும் என்று நிற்காதீர்கள். வந்த காக்கை விளையாட்டாக ஸ்மாஷ் அடித்துத் திருப்பி அனுப்பும் வேடிக்கை, நன்றாகப் பழகிய நண்பர்களுக்குள் மட்டும் இருக்கட்டும்.

சர்வீஸுக்கு முன்

காக் கைக்கு வந்ததும் ஸ்கோரை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள், சர்வீஸ் போடுபவர் ஸ்கோர் முதலில். எதிராளி தயாரா என்று பாருங்கள். அவர் தயாராகும் முன் போட்டால் அது லெட், மறுபடி போட வேண்டும். ஆனால் திருப்பி அடிக்க முயன்றுவிட்டால் அவர் தயாராக இருந்ததாகவே கணக்கு. "நான் ரெடி இல்ல" என்று அடித்துவிட்டு வெளியே போனபின் சொல்வது செல்லாது.

நேரத்தை இழுப்பதும் விதிப்படி தவறு. 21 பாயிண்ட் கேமில் ஒரு பக்கம் 11 எடுத்ததும் 60 விநாடி இடைவேளை, கேம்களுக்கு நடுவே 120 விநாடி. மற்ற நேரத்தில் ஆட்டம் தொடர்ந்து நடக்க வேண்டும். மூச்சு வாங்குகிறது என்பதற்காக காக்கைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட்டை வலம் வருவது, போட்டி என்றால் அம்பயரின் மஞ்சள் அட்டை வரை போகும். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் சிவப்பு அட்டையும் எதிராளிக்கு ஒரு பாயிண்டும். மாலை நேரத்துக் கோர்ட்டில் அட்டை காட்ட ஆள் இல்லை. வெளியே அடுத்த கேமுக்குக் காத்திருக்கும் நாலு பேரின் பார்வை இருக்கிறது.

காக் கெட்டுப்போனால்

திருப்பி அனுப்பும் முன் ஒரு கணம் காக்கைப் பாருங்கள். இறகுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தால், கார்க் பக்கமிருந்து நுனியை நோக்கி விரல்களால் மெல்ல நீவிவிடலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இறகு நுனியை உள்ளே மடித்தால் காக் வேகமாகும், வெளியே மடித்தால் மெதுவாகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கைவேலைதான். ஆனால் வேகத்தை மாற்றுவதற்காக வேண்டுமென்றே காக்கைச் சிதைப்பதை விதியே தடுக்கிறது. ஆட்டம் தொடங்கும் முன் எல்லாரும் சேர்ந்து பார்த்துச் செய்தால் அது வேறு. சென்னை வெயிலில் காற்று லேசாகி காக் கொஞ்சம் தூரம் போகும். டப்பாவில் காக்கின் வேக எண் இருக்கும்; 77 என்று எழுதிய டப்பா அதிகம் ஓடினால் 76-க்கு மாறுவதே சரியான வழி.

தண்டு முறிந்திருந்தால், தூக்கிக் காட்டி, "இது போயிடுச்சு, மாத்திக்கலாமா?" என்று கேளுங்கள். எதிராளி சரி என்ற பிறகே புதியது. நீங்கள் தோற்ற பாயிண்டுக்குப் பிறகு மட்டும் காக் கெட்டுப்போனதாகத் தோன்றுகிறதென்றால், மற்றவர்களும் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருப்பார்கள். போட்டியில் அம்பயரிடம் காட்ட வேண்டும், முடிவு அவருடையது. ரேலி நடுவே கார்க் தனியே கழன்று இறகு தனியே போய்விட்டால் லெட். ஒன்றிரண்டு இறகு உதிர்ந்தால் லெட் கிடையாது, ரேலி முடியும் வரை ஆட வேண்டும்.

மாற்றிய பழைய காக்கைக் கோர்ட் ஓரத்தில் வீசி எறியாதீர்கள். பின்னால் ஓடி வருபவர் அதன்மேல் கால் வைத்தால் கணுக்கால் பிசகும். காலி டப்பாவில் போட்டு வைத்தால் பயிற்சிக்கு ஆகும்.

பக்கத்துக் கோர்ட்

நாலைந்து கோர்ட் வரிசையாக உள்ள அரங்கில் உங்கள் காக் அடுத்த கோர்ட்டுக்குள் போவது தினப்படி நடப்பது. பின்னாலேயே ஓடாதீர்கள். அங்கே ரேலி முடியும் வரை கோட்டுக்கு வெளியே நின்று, முடிந்ததும் கையைத் தூக்கிக் காட்டுங்கள். பெரும்பாலும் அவர்களே எடுத்துத் தட்டிவிடுவார்கள். ஆனால் அவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே காக் காலடிக்குப் போய்விட்டால் அது வேறு விஷயம். உடனே "ஷட்டில்! ஷட்டில்!" என்று உரக்கக் கத்துங்கள். அவர்கள் லெட் சொல்லி நிறுத்துவார்கள், கடைசியாக சர்வீஸ் போட்டவர் மறுபடி போடுவார். பாயிண்ட் கெட்டதே என்று சிலர் முணுமுணுப்பார்கள். அதற்காகக் கத்தத் தயங்க வேண்டாம். பின்னால் எட்டு வைத்துத் தாவுகிறவருக்குத் தன் காலடியில் கிடப்பது தெரியாது.

வேறு கோர்ட் காக் உங்களிடம் வந்தாலும் இதே முறைதான். ஒரே ஒரு எச்சரிக்கை: யாருடையது என்று பார்த்து அனுப்புங்கள். எல்லாரும் ஒரே பிராண்ட் டப்பா வைத்திருக்கும் இடத்தில் புதுக் காக் அந்தப் பக்கமும் நைந்த காக் இந்தப் பக்கமுமாக மாறிப்போனால் சின்ன வாக்குவாதமே வந்துவிடும். அதனால் சில குழுக்கள் கார்க்கில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடுகிறார்கள்.

வீட்டில் பத்து நிமிடம்

சுண்டி எடுப்பதையும் மெதுவாகத் தட்டுவதையும் கோர்ட்டில் பழகத் தேவையில்லை. பழைய காக் ஒன்றைப் பாய் அல்லது கனமான போர்வை மேல் போட்டு 20 தடவை சுண்டி எடுத்துப் பாருங்கள். கார்க் உங்கள் பக்கம், எதிர்ப்பக்கம், குறுக்கே என்று கிடக்கும் திசையை மாற்றி மாற்றிப் பழகுங்கள். 20-க்கு 15 வந்தால் கோர்ட்டில் செய்யலாம். தட்டுவதற்கு மொட்டை மாடிக் கொடிக்கயிறு போதும்: தலைக்குச் சற்று மேலாக அதை இழுத்துக் கட்டி, மூன்று மீட்டர் தள்ளி ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை ஸ்டூல்மேல் வையுங்கள். கயிற்றைத் தாண்டி, பக்கெட்டுக்குள். காற்றடிக்காத காலை நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் காக் பக்கத்து வீட்டு மாடியில் இருக்கும்.